சுடுகளம் – கேள்வி பதில்: மூன்று அங்குலக் குழலும் ஐந்து கிலோ விசையும்

போன இதழில் குட்டைக் குழல் ரிவால்வர் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதினேன். ஏர் பிஸ்டல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியபோது வராத கடிதமெல்லாம் இப்போது வந்து குவிந்திருக்கிறது. "ஆயுதப்படையில் ஆர்மரராக (துப்பாக்கி பழுது பார்ப்பவராக) இருந்து ரிட்டயர் ஆனவருக்குத் துப்பாக்கியைக் கழற்றத் தெரியும், சுடத் தெரியுமா?" என்று பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரிக்கு வாருங்கள், காகிதத்தை மாட்டிப் பேசிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பதில் கீழே.

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். பாதுகாப்புக்காக லைசென்ஸ் வாங்கிய .32 ரிவால்வர் என்னிடம் இருக்கிறது. கான்பூர் தயாரிப்பு. இதை வைத்துப் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் தோப்பில் பதினைந்து அடி தள்ளி வைத்த தேங்காயைக்கூட அடிக்க முடியவில்லை. குழல் சின்னதாக இருந்தால் குறி தப்புமா? இல்லை, துப்பாக்கியிலேயே கோளாறா?

முதலில் தேங்காயை விடுங்கள். பாதுகாப்புக்குக் கொடுத்த லைசென்ஸ் தோப்பில் சுட்டுப் பழகுவதற்குக் கொடுத்தது அல்ல. தப்பிப் போன .32 தோட்டா ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். வேலிக்கு அந்தப் பக்கம் யார் களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அனுமதி பெற்ற சுடுதளம், எதிரே மண்மேடு, பக்கத்தில் பொறுப்பான ரேஞ்ச் ஆபீசர். இவை இல்லாத இடத்தில் அந்தத் துப்பாக்கி சுடுவதற்காகப் பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது.

இனி உங்கள் கேள்வி. குழல் குட்டையானால் தோட்டாவின் வேகம் குறையும். அது போகும் திசை கெடாது. குட்டை ரிவால்வரை இரும்புத் தாங்கியில் இறுக்கி, கை படாமல் சுட்டுப் பாருங்கள், ஓட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் விழும். சர்வீஸில் இருந்தபோது, "சார், இது இடது பக்கமே அடிக்குது" என்று கொண்டுவந்து வைப்பார்கள். தாங்கியில் மாட்டிச் சுட்டால் நேராக அடிக்கும். கொண்டுவந்தவர் முகம் மட்டும் இடது பக்கம் திரும்பிக்கொள்ளும்.

சிக்கல், குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் ஃபோர்சைட்டுக்கும் பின்பக்கம் இருக்கும் பேக்சைட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். உங்களுடையதில் 12 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். போட்டிப் பிஸ்டலில் 22 செ.மீ. வரை விடுகிறார்கள். விசையை (டிரிக்கரை) அழுத்தும்போது ஃபோர்சைட் 1 மி.மீ. மட்டும் நகர்ந்துவிட்டது என்றால் 25 மீட்டரில் என்ன ஆகும்? போட்டிப் பிஸ்டலில் தோட்டா 11 செ.மீ. சொச்சம் விலகும், 6 மார்க் வளையத்தில் விழும். உங்கள் ரிவால்வரில் அதே 1 மி.மீ. பிசகு 20 செ.மீ.க்கு மேல் இழுத்துக்கொண்டு போய் 2 மார்க்கில் போடும். 10 மார்க் வட்டத்தின் மொத்த விட்டமே 5 செ.மீ.தான். தப்பு இரண்டு பேர் கையிலும் ஒன்றுதான். குட்டைத் துப்பாக்கி வட்டி போட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். கை ஆடுவது வேறு, சைட் சாய்வது வேறு. இரண்டு சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க, முழுக் கையும் அரை செ.மீ. ஆடினால் தோட்டாவும் அரை செ.மீ.தான் விலகும். கை ஆடாத மனிதன் கிடையாது, உலக சாம்பியனுக்கும் ஆடும். புதிதாக வருகிறவர்கள் ஆட்டத்தைக் கண்டு பயந்து, சைட் நடுவே வரும் நொடியில் "இப்போ!" என்று விசையைப் பறிக்கிறார்கள். பறித்ததும் சைட் சாய்கிறது. ஆட்டத்தால் 9 கிடைக்க வேண்டியது, பறித்ததால் 2 ஆகிறது.

போட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆண்களுக்கு 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒலிம்பிக்கில் இல்லை, உலக சாம்பியன்ஷிப்பில் உண்டு. தோட்டா அளவு 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம், ரிவால்வரும் வரலாம். குழல் 153 மி.மீ.க்கு மேல் கூடாது, சைட் இடைவெளி 220 மி.மீ.க்கு மேல் கூடாது, விசையை இழுக்கத் தேவையான அழுத்தம் ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. நீளத்துக்கு எல்லாமே மேல்வரம்புதான் என்பதால் குட்டை என்பதற்காக உங்கள் துப்பாக்கியைத் தள்ள மாட்டார்கள். தோட்டாவிலும் தோஷமில்லை. நீங்கள் வைத்திருக்கும் அதே .32 லாங் தோட்டாவில், மூக்கு தட்டையான வாட்கட்டர் ரகம்தான் அந்தப் போட்டியில் உலகமெங்கும் பேர்போனது. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், மார்க் போடுகிறவருக்குச் சண்டை இல்லாத வேலை.

கலந்துகொள்ளலாம், ஜெயிப்பது கஷ்டம். முதல் பாதியில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து தோட்டா வீதம் முப்பது. அடுத்த பாதியில் இலக்கு 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறையும், காட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா. கையைக் கீழே 45 டிகிரியில் வைத்திருந்து, இலக்கு திரும்பியதும் தூக்கிச் சுட வேண்டும். அதுவும் ஒரே கையால். நீளச் சைட்டும் செதுக்கிய மரப்பிடியும் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் உங்கள் சட்டைப்பைத் துப்பாக்கி பாவம். ஒரு கிளப்பில் சேருங்கள், போட்டிக்கு அவர்களுடைய பிஸ்டலைப் பழகுங்கள். விரலைத் திருத்துவதற்கு மட்டும் உங்கள் ரிவால்வரை வைத்துக்கொள்ளுங்கள். எப்படித் திருத்துவது என்பதை அடுத்த கேள்விக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தர்மபுரியில் காவலராக இருக்கிறேன். துறைப் போட்டிக்கு அணியில் எடுத்திருக்கிறார்கள். ரிவால்வரில் ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) முன்கூட்டியே இழுத்து வைத்துச் சுட்டால் குறி விழுகிறது. டபுள் ஆக்‌ஷனில் (ஹேமரைத் தொடாமல் விசையை மட்டும் இழுத்து) சுட்டால் எல்லாமே கீழே இடது பக்கம் போகிறது. கை சின்னது, பலம் போதவில்லை என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா சார்?

பலத்தைப் பற்றிச் சொல்கிறவர்களை வீட்டில் பத்துப் பேருக்குக் களி கிண்டச் சொல்லுங்கள், யார் முன்கை சீக்கிரம் ஓய்கிறது என்று பார்ப்போம். பலம் இல்லாததால் வரும் தப்பு இல்லை இது.

வலது கைக்காரருக்குத் தோட்டா கீழே இடது பக்கம் போனால் நான் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்: விரல் மட்டும் வேலை செய்ய வேண்டிய நேரத்தில் மொத்தக் கையும் சேர்ந்து மூடுகிறது. ஏன் மூடுகிறது? கணக்கைப் பாருங்கள். ஹேமரை இழுத்து வைத்தால் விசைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். இழுக்காமல் சுட்டால் அதே விரல் ஹேமரையும் தூக்க வேண்டும், தோட்டா அறைகள் இருக்கும் சிலிண்டரையும் ஒரு அறை சுற்ற வேண்டும். ஐந்து கிலோவை ஒட்டி வந்துவிடும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். உங்கள் ஆர்மரரைக் கேளுங்கள், காலித் துப்பாக்கியின் விசையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துக் காட்டுவார். முள் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி புரிந்துவிடும். துப்பாக்கியின் எடை முக்கால் கிலோ, அதன் மேல் நீங்கள் போடும் அழுத்தம் ஐந்து கிலோ. அது அசையாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆகையால் பிடியிலிருந்து ஆரம்பிப்போம். கையைப் பிடியின் உச்சிக்கு ஏற்றுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் கவை, ஹேமர் பின்னால் வரும்போது உரசாத அளவுக்கு, எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே. பிடி தாழ்ந்தால் விசையை இழுக்கும்போது மூக்கு குனியும். சின்னக் கை என்கிறீர்கள், அதனால் துப்பாக்கியைச் சற்றுத் திருப்பிப் பிடித்து விரலை எட்ட வைக்கிறீர்களோ என்று சந்தேகம். முன்கை எலும்பும் குழலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் உதை கட்டைவிரல் மூட்டுக்குப் போய்விடும். பிடியை மெலிதாக மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். விரலில் நுனிச் சதையை வைத்து அழுத்துவது ஏர் பிஸ்டலுக்கு, அரைக் கிலோ விசைக்கு. டபுள் ஆக்‌ஷனுக்கு முதல் மூட்டு மடிப்பை ஒட்டி வையுங்கள், அங்கேதான் நெம்புவதற்குத் தெம்பு.

இரண்டு கையால் சுடும் பிரிவானால் ஓர் எச்சரிக்கை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் நூலிழை இடைவெளி இருக்கிறது அல்லவா, வெடிக்கும்போது அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீறிடும். குட்டைத் துப்பாக்கியில் இடம் குறைவு என்பதால் இடக்கை விரல் தன்னறியாமல் முன்னே ஊர்ந்துபோகும். ஊர விடாதீர்கள்.

அடுத்தது இழுவை. பெரும்பாலானவர்கள் பாதிவரை இழுத்து, சிலிண்டர் 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, குறி பார்த்து, மீதியைப் பறிப்பார்கள். உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நிறுத்தினால் திரும்பப் புறப்பட வேண்டும், புறப்படும் இடத்தில்தான் உதறல். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே வேகம், ஒரே அழுத்தம், நடுவில் நிற்காத ஒரே இழுவை. மெதுவாக இருக்க வேண்டும் என்றில்லை, சீராக இருந்தால் போதும். கண் ஃபோர்சைட்டை விட்டு நகரவே கூடாது. வெடித்த பிறகும் விரலைச் சட்டென்று விடாமல், வந்த வழியே முழுசாக முன்னே போக விடுங்கள். குட்டை ரிவால்வரில் பாதி வழியில் மறுபடி இழுத்தால் விசை சிக்கிக்கொள்ளும், போட்டியில் அது இரண்டு விநாடி நஷ்டம்.

இதையெல்லாம் தோட்டா இல்லாமல் பழக வேண்டும். டிரை பிராக்டிஸ் என்று ஸ்குவாடில் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்திருப்பீர்கள். கொட்டாவி இல்லாமல் செய்து பாருங்கள். துப்பாக்கியைத் திறந்து சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள், விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும், அதே மேஜையின் இழுப்பறையில் அல்ல. ஃபயரிங் பின் வெற்று அறையில் அடிக்காமல் இருக்க டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள். .22 துப்பாக்கியில் இது இன்னும் முக்கியம், அதில் பின் அறையின் விளிம்பிலேயே போய் இடிக்கும். அப்புறம் வெள்ளைச் சுவர். இலக்கு ஒட்டாதீர்கள். இலக்கு இருந்தால் கண் அங்கே ஓடும். சுவரைப் பார்த்து நின்று, சைட் இரண்டும் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு விசையை இழுங்கள். ஹேமர் விழும் நொடியில் ஃபோர்சைட் எந்தப் பக்கம் துள்ளியது என்று உங்களுக்கே தெரியும். அதன் பிறகு குழலின் முதுகில் ஒரு ரூபாய்க் காசை வைத்து இழுத்துப் பாருங்கள். காசு விழாமல் ஹேமர் விழ வேண்டும்.

கால் மணி நேரம் போதும், தினமும் வேண்டும். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பூட்டி வையுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்ப எடுக்காதீர்கள். தோட்டா போட்டது மறந்துபோய்ச் சுவரில் ஓட்டை விழுவது அந்த ஒரு தடவையில்தான்.

ரேஞ்சுக்குப் போகும் நாளில் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிலிண்டரில் மூன்று நிஜ ரவுண்டும் மூன்று டம்மியும் கலந்து போட்டு மூடித் தரட்டும். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. உங்களை மாதிரியே கீழே இடது பக்கம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டும் வெடித்தது. மூன்றாவது டம்மி, 'டப்' என்று ஹேமர் மட்டும் விழுந்தது. சத்தமே இல்லாத துப்பாக்கி அவள் கையில் இரண்டு அங்குலம் கீழே குனிந்து எழுந்தது, தோள் முன்னே தள்ளியது, கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. பக்கத்து லேனில் இருந்தவன் சிரித்துவிட்டான். அவனுக்கும் அதே மாதிரி போட்டுக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே எதிர்த்துத் தள்ளுவதுதான் உங்கள் வியாதியும். டம்மி விழும்போது ஃபோர்சைட் அசையாத நாள் வரும்வரை, முழுக்க நிஜ ரவுண்டு போட்டுச் சுடுவது அரசாங்கத் தோட்டாவுக்குப் பிடித்த கேடு.

ஹேமரை இழுத்து வைத்துச் சுடுவதை இப்போதைக்கு அடியோடு நிறுத்துங்கள். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஐந்து கிலோவுக்குப் பழகிய விரலுக்கு ஒன்றரைக் கிலோ விளையாட்டாக இருக்கும்.

எனக்கு 17 வயது. ஓசூரில் படிக்கிறேன். மனு பாக்கரைப் பார்த்து ஆசை வந்தது. அப்பா அஜித் ரசிகர், அதனால் வீட்டில் எதிர்ப்பு இல்லை. நேராக ரிவால்வரில் ஆரம்பிக்கலாமா அங்கிள்?

அப்பாவிடம் சொல், அவருடைய ஹீரோ 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் வரிசையில் நின்றுதான் சுட்டார். நீயும் வரிசையில் நில். வரிசை 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பிக்கிறது.

மனு பாக்கர் 2024 பாரிஸில் வாங்கிய இரண்டு வெண்கலமும் ஏர் பிஸ்டலில் வந்தவை, ஒன்று தனியாக, ஒன்று சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து. அதே பெண் 25 மீட்டர் பிஸ்டலில் நான்காவது. அதாவது ஏர் பிஸ்டலில் கற்ற விரலைத்தான் பெரிய துப்பாக்கிக்கும் கொண்டுபோனாள். 4.5 மி.மீ. ஈயக் குண்டு, உதை கிடையாது, தோட்டாச் செலவு குறைவு. போட்டியில் மின்னணு இலக்கானால் 75 நிமிடத்தில் 60 குண்டு. 10 மார்க் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., உன் சட்டைப் பொத்தான் அளவு. துப்பாக்கி ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், விசை அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது, பிடிப்பது ஒரு கை. இன்னொரு கை பேன்ட் பையில்.

துப்பாக்கியை உடனே வாங்காதே. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. உனக்குப் பக்கம் பெங்களூரு என்றாலும் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டுமானால் இங்கே உறுப்பினராகச் சேர்ந்து மாநிலப் போட்டி வழியாகத்தான் மேலே போக வேண்டும். சேருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையில் தோள் உயரத்துக்கு நீட்டி அரை நிமிடம் பிடி, இறக்கு, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி பிடி. மூச்சை முழுசாக இழுத்துப் பிடிக்காதே, பாதி விட்டு நிறுத்து. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கும். சுவரில் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்.

ரிவால்வருக்கு அவசரமில்லை. சட்டப்படி துப்பாக்கி லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். அதற்குள் விரல் தயாராகட்டும்.

அஞ்செட்டி பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. லைசென்ஸ் இல்லை. அதை வைத்துக் குறி பார்க்கப் பழகலாமா?

கூடாது. பழகவும் கூடாது, பரணில் வைத்திருக்கவும் கூடாது. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் மலை கிராமங்களில் போலீஸ் அவ்வப்போது அறிவிப்புக் கொடுத்து நாட்டுத் துப்பாக்கிகளை வாங்கிக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரையோ வி.ஏ.ஓ.வையோ கூட்டிக்கொண்டு போய் நீங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள். தாமாக வந்து கொடுத்தவர் நிலைமை வேறு, சோதனையில் மாட்டியவர் நிலைமை வேறு. பன்றி வருகிறது, யானை வருகிறது என்பீர்கள். அது வனத்துறையிடம் சொல்ல வேண்டியது. பழைய குழல் துருவேறி எங்கே மெலிந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. வெடித்துத் திறந்துகொண்ட குழல்களை நான் மேஜையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்த கைகளையும் பார்த்திருக்கிறேன்.

அரூரில் ஆசிரியர். வயது 48. ஏர் பிஸ்டல் சுடுகிறேன், ஓய்வுபெறும் முன் ரிவால்வரும் பழக வேண்டும். வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட்டால் இலக்கு மங்கல், கழற்றினால் சைட் மங்கல். எதைத் தெளிவாகப் பார்ப்பது?

ஃபோர்சைட்டை. இலக்கு மங்கலாகவே இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். இருபது வயதுக்காரனுக்கும் இதைத்தான் சொல்கிறோம். அவன் கேட்பதில்லை, உங்களுக்கு வேறு வழியில்லை.

படிக்கிற கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கு, அதாவது ஒன்றேகால் அடிக்குச் செய்தது. நீட்டிய கையில் ஃபோர்சைட் அதைப்போல் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். அதனால்தான் இரண்டும் கெட்டானாகத் தெரிகிறது. யாரையாவது விட்டு உங்கள் கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை டேப் வைத்து அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள். துப்பாக்கியைக் கொண்டுபோக வேண்டாம். தூரப்பார்வை பவரோடு அரை அல்லது முக்கால் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் சரியாக வந்து நிற்கும். குறி பார்க்கும் கண்ணுக்கு மட்டும் அந்த லென்ஸ் போதும். பைஃபோக்கல் வேண்டாம், தலையைத் தூக்கித் தாழ்த்தியே கழுத்து வலிக்கும்.

குட்டை ரிவால்வருக்கு உங்களை மாதிரி வயதுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு சைட்டும் கிட்டத்தில் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தெளிவில் தெரியும். மேலே வட்டிக் கணக்குப் போட்டேனே, அதில் கிடைக்கும் தள்ளுபடி இது. ஃபோர்சைட் முகத்தில் வெள்ளையோ ஆரஞ்சோ நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். சில கண்ணுக்கு ஒத்துவரும், சிலருக்குக் கரும்பட்டைதான் சரி.

பர்கூரிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மச்சான், அங்கே இரண்டு அங்குல ரிவால்வருக்கே தனிப் போட்டி இருக்கிறது என்கிறான். அளக்கிறானா?

மச்சானை இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம். 1996-ல் அங்கே ஐ.டி.பி.ஏ. என்று ஓர் அமைப்புத் தொடங்கினார்கள். அன்றாடம் இடுப்பில் வைத்திருக்கும் துப்பாக்கியோடு, மறைவிலிருந்து, நடந்துகொண்டே, நேரத்துக்கு எதிராகச் சுடுகிற போட்டி. அதில் சட்டைப்பைத் துப்பாக்கிகளுக்கு ஒரு தனிப் பிரிவு. ரிவால்வரானால் குழல் இரண்டரை அங்குலத்துக்குள், ஒரு தடவைக்கு ஐந்து தோட்டா. அந்த ஊரில் சின்ன ரிவால்வர்களில் ஐந்து அறைதான் வழக்கம்.

அங்கே மார்க்கைத் தின்பது தோட்டா மாற்றும் நேரம். காலிக் கூடுகளைத் தட்டும்போது மூக்கு வானத்தைப் பார்க்க வேண்டும், புதிதாகப் போடும்போது தரையைப் பார்க்க வேண்டும், தள்ளுகோலை உள்ளங்கையால் ஒரே அடியாக அடிக்க வேண்டும். குட்டைக் குழலில் தள்ளுகோலும் குட்டை. கூடு பாதி வெளியே வந்து நிற்கும், விரலால் பிடுங்க வேண்டிவரும். நம் கான்பூர் .32-ல் இந்தத் தொல்லை இல்லை. வெப்லி பாணியில் நடுவே மடிந்து திறக்கும், முழுக்க மடித்தால் அத்தனை கூடும் தானாக எழும்பிக் கொட்டும். ஜெர்ரி மிகுலெக் என்ற அமெரிக்கர் 1999-ல் ரிவால்வரில் ஆறு சுட்டு, மாற்றிப் போட்டு, இன்னும் ஆறு சுட்டார், மொத்தம் 2.99 விநாடி. நான் சட்டைப் பொத்தானைக் கழற்றவே அதைவிட நேரமாகும்.

நாம் அதைப் பார்த்துக் கைதட்டலாம், நம் ரேஞ்சுகளில் ஓடிக்கொண்டு சுட முயலக் கூடாது. நின்ற இடத்தில் நின்று டம்மி ரவுண்டு வைத்துத் தோட்டா மாற்றிப் பழகினால் கைக்கு நல்ல பாடம்.

வசூல் பணத்தோடு இரவில் தொப்பூர் கணவாய் வழியாக வருகிறேன். பயமாக இருக்கிறது. எந்தச் சின்ன ரிவால்வர் வாங்கலாம், எவ்வளவு நாள் பழக வேண்டும்?

இது விளையாட்டுப் பகுதி. பணத்தை வங்கியில் போட்டுவிட்டுப் பகலில் வாருங்கள்.

பென்னாகரம். என் மகன் இடது கைக்காரன், பிளஸ் டூ முடித்துவிட்டான். ஏர் பிஸ்டலில் நன்றாக வருகிறான். பிறகு ரிவால்வர், பிஸ்டல் என்று போகும்போது இடது கை தடையாகுமா? வலது கைக்கு மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள் ஐயா. ஹங்கேரி ராணுவத்தில் கரோலி தகாச் என்று ஒருவர். 1938-ல் கையெறிகுண்டு கையிலேயே வெடித்து வலது கை போனது, அதுதான் அவர் சுடும் கை. இடது கையால் முதலிலிருந்து பழகி 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம், 1952 ஹெல்சிங்கியில் மறுபடி தங்கம். அதே பிரிவில் 2012 லண்டனில் நம் விஜய் குமார் வெள்ளி வாங்கினார். தகாச் கட்டாயத்தால் இடது கைக்கு வந்தவர். உங்கள் பையனுக்குப் பிறவியிலேயே கிடைத்ததை எதற்குப் பிடுங்க வேண்டும்?

கையைவிடக் கண்ணைச் சோதியுங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் இருக்கும் கடிகாரத்தை அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் ஆளும் கண். அதுவும் இடதாக இருந்தால் நல்லது. வலதாக இருந்தாலும் பிஸ்டலில் பெரிய பாதகமில்லை, தலையைச் சற்றுத் திருப்பி நின்றால் சமாளிக்கலாம், ரைபிளில்தான் கஷ்டம்.

ரிவால்வர் விஷயத்தில், வெப்லி பாணித் துப்பாக்கியின் திறக்கும் நெம்புகோல் இடது பக்கம் இருக்கிறது, வலது கைக் கட்டைவிரலுக்காக வைத்தது. இடது கைக்காரர் ஆள்காட்டி விரலால் அதை அழுத்தலாம். அந்த விரல் அங்கே போக வேண்டுமானால் விசையை விட்டு விலகித்தானே ஆக வேண்டும், பாதுகாப்புக்கும் அது நல்லதுதான். பிரச்சினை வருவது ஏர் பிஸ்டலின் மரப்பிடியில். அது ஒரு கைக்கென்றே செதுக்கியது, வலது கைப் பிடியை அரம் வைத்து ராவி இடது கைக்கு ஆக்க முடியாது. துப்பாக்கி வாங்கும்போதே இடது கைப் பிடி, அவன் உள்ளங்கை அளவு என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் பிடிக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.